கம்பி பட்ட இடம்

சமயநல்லூர் பாண்டீஸ்வரிக்கு வாரத்தில் ஆறு நாளும் திட்டு வாங்குவதுதான் வேலை. காளவாசல் பக்கம் ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற உத்தியோகம். சிலிண்டர் வரவில்லை என்றால் திட்டு, வந்த சிலிண்டர் கசிந்தால் திட்டு, கொண்டுவந்த ஆள் முகத்தைச் சுளித்தால் அதற்கும் இவளுக்குத்தான் திட்டு. "வந்துரும் மேடம், சொல்லிட்டேன் மேடம்" என்று பொழுதுக்கும் சொல்லிச் சொல்லி, வீட்டில் மகள் தண்ணீர் கேட்டாலும் "வந்துரும் மேடம்" என்று வாய் தவறிச் சொன்னவள் அவள். அப்படிப்பட்ட ஒருத்தி, முப்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, தரைக்கும் கூரைக்கும் நடுவே நட்ட ஒரு ஸ்டீல் கம்பியில் ஏறித் தலைகீழாகத் தொங்கக் கற்றுக்கொண்டாள் என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். அவளைப் பெற்றவளும் நம்பவில்லை. அங்கேதான் அவளுக்கு வினை பிடித்தது.

ஆரம்பித்தது என்னவோ இடுப்பு வலியில்தான். நாள் பூராவும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் வராமல் என்ன செய்யும்? பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு மட்டும் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். நாலு பேரோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தவள், ஒருநாள் செருப்பைத் தேடிப் போன இடத்தில் உள்ளறைத் திரையை விலக்கிப் பார்த்தாள். வகுப்பு நடத்துகிற பவதாரிணி அங்கே தனியாகக் கம்பியின் மேல் இருந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தபோது பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டு, வேலையை உதறிவிட்டு மதுரைக்கே திரும்பி வந்துவிட்ட பெண். மடக்கிய ஒரு காலில் கம்பியைப் பிடித்திருந்தாள். இரண்டு கையும் சும்மா இருந்தன. ஒரு அவசரமும் இல்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கினாள். பாண்டீஸ்வரி செருப்பை மறந்து திரையைப் பிடித்தபடியே நின்றாள்.

"இது பேரு போல் டான்ஸ்க்கா. பயமா இல்லன்னா வாங்க, சொல்லித் தாரேன்" என்றாள் பவதாரிணி.

பயமில்லாமல் என்ன? கம்பியைப் பிடித்து ஆடுகிற ஆட்டம் என்றால் நம் ஊருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சினிமாவில் வில்லன் சோபாவில் சாய்ந்து குடித்துக்கொண்டிருப்பான், அவனுக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சத்தில் யாரோ ஒருத்தி ஆடுவாள். அது வேறு, இது வேறு என்று யாரிடம் போய் விளக்குவது? இருந்தாலும் பாண்டீஸ்வரி புருஷனிடம் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே சொன்னாள்.

செல்வக்குமார் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். சாதுவான மனுஷன். அதட்டிப் பேசினால் தனக்கே படபடப்பு வந்துவிடும் என்று அதட்டாமல் இருக்கிற ரகம்.

"போலா? எது போல?" என்றான்.

அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"இம்புட்டுக் குட்டையாவா டவுசர் போடணும்?"

"துணி இருந்தா வழுக்கிரும்ங்க. தோலுதான் கம்பியப் பிடிக்கும்."

"அப்ப தோலுதான் ரப்பர் வாசரு" என்றான் மெஷின்காரன், உடனே புரிந்துகொண்டு. கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தான். "கீழ விழுந்துற மாட்டியே? சரி, போ. ஆனா வெளிய யாருக்கும் தெரிய வேணாம் பாண்டி. நம்ம ஆளுகளுக்கு இது வெளங்காது. யோகான்னு சொல்லிக்குவோம்."

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அவளை பைக்கில் கொண்டுபோய் விடுவான். அவள் வருகிறவரை மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். எத்தனை வீட்டில் இது நடக்கும், சொல்லுங்கள்.

கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. உடம்பின் மொத்தப் பாரத்தையும் தொடையிலோ விலாவிலோ கை அகலத் தோல் தாங்க வேண்டும். முதல் மாதம் கம்பியில் ஏறி உட்காருவதற்கே கண்ணில் நீர் முட்டியது. தொடை, கெண்டைக்கால், புறங்கால், இடுப்பு மடிப்பு, அக்குளுக்குக் கீழே என்று கம்பி பட்ட இடமெல்லாம் கன்னிப்போகும். முதலில் சிவப்பு, மறுநாள் கத்திரிக்காய் நிறம், வாரக் கடைசியில் மஞ்சள். மஞ்சளான இடத்திலேயே அடுத்த சனிக்கிழமை மறுபடி கம்பி படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வக்குமார் மருந்தை எடுத்துக்கொண்டு உட்காருவான். "இந்த வாரம் கம்பிக்கு உம்மேல என்ன கோவம்?" என்று கேட்டுக்கொண்டே தடவுவான். அவளுக்குச் சிரிப்பும் வரும், வலியும் வரும்.

ஆனால் மேலே ஏறி உட்கார்ந்து, தொடையை இறுக்கி, கையை விட்டுவிட்டால் ஒரு சந்தோஷம் இருந்தது. தரையில் இருக்கிறவர்கள் யாரும் அங்கே வந்து சிலிண்டர் கேட்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் பாசானதற்குப் பிறகு 'நம்மால் ஆனது' என்று சொல்லிக்கொள்ள அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், பிள்ளையைப் பெற்றாள், எல்லாம் ஊரில் எல்லாரும் செய்வது. இது ஒன்றுதான் அவளுடையது.

தலைகீழாகத் திரும்புவது மட்டும் ஒரு வருஷமாகப் பிடிகொடுக்கவில்லை. இடுப்பைத் தூக்குவாள், கால் மேலே போகும், பாதியில் பயம் வந்து விழுந்துவிடும். அண்ணன் மகளுக்குக் காதணி விழா வந்ததற்கு முந்தைய சனிக்கிழமை அது வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் தெரியாது, வந்தது. பவதாரிணி கூச்சல் போட்டுக்கொண்டே போனில் படம் பிடித்தாள். ஊர் தலைகீழாகத் தெரிய, பாண்டீஸ்வரி வாய் கொள்ளாமல் சிரித்தாள். வீட்டுக்கு வந்து செல்வக்குமாருக்கு அதை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினாள். விலாவில் ஒரு பெரிய கன்னிப்பு வந்திருந்தது. அவள் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டாள் என்றே சொல்ல வேண்டும்.

காதணி விழா மேலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அத்தைக்காரி சும்மா வர முடியுமா? பட்டுச்சேலை கட்டிச் சீர்த்தட்டு எடுக்க வேண்டும். பெண்கள் உடுத்துகிற அறையில் அவளுடைய அம்மா அன்னக்கொடி மகளுக்குக் கொசுவத்தைச் சரிசெய்து பின் குத்திவிட்டுக்கொண்டிருந்தாள். இடுப்புப் பக்கம் குனிந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"இது என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

அன்னக்கொடி மகளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே இன்னொன்று.

"இது?"

"எங்கயாச்சும் இடிச்சிருப்பேன். விடும்மா, நேரமாகுது."

ஒண்ணுமில்லை, இடிச்சுக்கிட்டேன் — இந்த இரண்டு பதிலையும் அடுத்தடுத்துக் கேட்ட எந்தத் தாயும் மூன்றாவது கேள்வி கேட்க மாட்டாள். போதாததற்குப் பக்கத்தில் வளையலை எண்ணிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரியின் மகள் வேறு வாயைத் திறந்தாள். "அம்மாவுக்கு வாராவாரம் புதுசு புதுசா வரும் அம்மாச்சி. அப்பாதான் மருந்து போட்டு விடுவாரு."

அன்னக்கொடி பின்னைக் குத்தி முடித்தாள். பந்தியில் மருமகனுக்கு இலை போட்டாள், கறி வைத்தாள், "சாப்பிடுங்க மாப்ள" என்றாள். முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். அன்னக்கொடி, அண்ணன் தங்கப்பாண்டி, இந்தப் பக்கத்துப் பெரிய மனுஷன் வேண்டுமே என்று தங்கப்பாண்டி போன் போட்டு வரவழைத்திருந்த செல்வக்குமாரின் பெரியப்பா கருத்தக்கண்ணன். செல்வக்குமார் ஹாலில் பழைய பேப்பரை விரித்து ஒரு ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஈரக் கையோடு எழுந்து, "வாங்க மச்சான், வாங்கத்தை" என்றான். யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

தங்கப்பாண்டி மேலூர்ப் பக்கம் கல் லாரி ஓட்டிப் பிறகு சொந்தமாக லாரி வாங்கினவன். அவனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"மாப்ள, எந்தங்கச்சிய எதுக்கு அடிக்கிறீங்க?"

செல்வக்குமார் திரும்பிப் பொண்டாட்டியைப் பார்த்தான். அது அவள் சொல்ல வேண்டிய சங்கதி, தான் போட்டுடைக்கக் கூடாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனத்தையும் அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

"அண்ணே, கிறுக்கா ஒனக்கு? அவரு அடிக்கல" என்றாள் பாண்டீஸ்வரி.

"பின்ன எப்பிடி வந்துச்சு?"

"யோகாவுல..."

"யோகாவா?" என்றாள் அன்னக்கொடி. "நானுந்தேன் தெனம் டிவில பாக்குறேன். மூச்ச இழுத்து இழுத்து விடுறாக. அதுல எங்கிட்டுடி அடிபடுது?"

இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று பாண்டீஸ்வரி முடிவு செய்தாள். உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம், திட்டு அவளுக்குப் புதுசா? ஆனால் எந்த வார்த்தையைச் சொல்வது? போல் என்றால் புரியாது. டான்ஸ் என்ற சொல்லை அண்ணன் எதிரில், பெரியப்பா எதிரில் நாக்கு சொல்ல மாட்டேன் என்றது. கைக்கு அகப்பட்டதை எடுத்தாள்.

"கம்பிம்மா. கம்பி பட்டுத்தான் இப்பிடி ஆச்சு."

அன்னக்கொடி நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "கம்பியாலயா! அய்யோ, எம்புள்ளயக் கம்பிய எடுத்தா அடிச்சான்!"

"டேய்!" என்று தங்கப்பாண்டி எழுந்தான். மாப்ள என்ற மரியாதை ஒரே சொல்லில் பறந்துவிட்டது. "கம்பியெடுத்து அடிச்சவன நாளைக்கே கம்பி எண்ண வைக்கலன்னா எம்பேரு தங்கப்பாண்டி இல்ல!"

"அய்யோ, அந்தக் கம்பி இல்லண்ணே! நட்டு வச்ச கம்பி! அதுல நானே ஏறுறேன்!"

"நீ எதுக்குக் கம்பில ஏறுற?"

"பயிற்சிக்கு. மேல வரைக்கும் ஏறி... சுத்தி... தலைகீழா..."

சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. கருத்தக்கண்ணன் பெரியப்பா மட்டும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "வழுக்கு மரமா?" என்றார். "கோகுலாஷ்டமிக்கு ஏறுவாய்ங்களே? அது எளவட்டப் பயலுகதான ஏறுவாய்ங்க. பொம்பளப் புள்ள எதுக்குத்தா ஏறப்போகுது?"

"கேட்டுக்கிட்டீகளா பெரியவரே!" என்றான் தங்கப்பாண்டி. அவன் குரல் உடைந்துபோயிருந்தது. சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த தங்கச்சி அல்லவா. "அடிச்சது பத்தாதுன்னு, யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்லணும்னும் பழக்கி வச்சிருக்கான். எந்தங்கச்சி கம்பில ஏறுதாம்! இம்புட்டுப் பொய் அது பொறந்ததுலருந்து சொன்னதில்ல."

பாண்டீஸ்வரிக்கு அழுகை முட்டியது. அழுதால் இன்னும் கெட்டுப்போகும் என்றும் தெரிந்தது. "வீடியோ இருக்கு. காட்டுறேன், பாத்துக்கங்க" என்று ஃப்ரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்தாள்.

படம் வந்து நின்றது. அதில் அவள் தலைகீழாக இருந்தாள். தொடை முழுக்க வெளியே தெரிந்தது. முகம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அவள் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே படத்தை அண்ணன் கண்ணால் பார்த்தாள். உடம்பு கூசியது. அடித்தாயா என்று கேட்க வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன கேட்பார்கள்? எங்கே போகிறாள், யார் யார் பார்க்கிறார்கள், இவளை இப்படி ஆடவிட்டுச் சோறு தின்கிறவன் என்ன ஆம்பிளை என்று கேட்பார்கள். தங்கப்பாண்டி போனுக்காகக் கையை நீட்டினான். காட்டினாலும் கெட்டது, காட்டாவிட்டாலும் கெட்டது. அவள் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் பாண்டி. அத உள்ள வையி" என்றான் செல்வக்குமார். பிறகு ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினான். "ஆமா மச்சான். நாந்தான் அடிச்சேன்."

தங்கப்பாண்டியின் அறை அவன் கன்னத்தில் விழுந்தது. சத்தம் அடுப்படி வரை கேட்டது. அங்கே இருந்த மகள் வீரிட்டு அழுதாள். கருத்தக்கண்ணன் நடுவே புகுந்து, "விடுப்பா, விடுப்பா, ஒத்துக்கிட்டான்ல" என்று பிடித்து விலக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாண்டீஸ்வரியால் தாங்க முடியாததாக இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. பொண்டாட்டியை அடித்தவனை என்ன செய்வது என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கென்று போட்டு வைத்த பாதை இருக்கிறது. பெரியப்பா செல்வக்குமாரை நாலு வார்த்தை வைதார். அவன் மாமியார் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான். "கோவம் யாருக்குத்தேன் வராது? அதுக்காகக் கம்பியவா எடுப்பாக?" என்று அன்னக்கொடி மூக்கைச் சிந்தினாள். தங்கப்பாண்டி கொஞ்சநேரம் வாசலில் நின்று பீடி குடித்துவிட்டு வந்து, "மனசுல வச்சுக்கிறாதீங்க மாப்ள, தங்கச்சிப் பாசம்" என்றான். மறுபடி மாப்ள ஆகிவிட்டான். மத்தியானம் கறி எடுத்து வந்தார்கள். சிவந்த கன்னத்தோடு செல்வக்குமாரும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுப்படியில் பாண்டீஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சத்தியமாச் சொல்றேன். அவரு எம்மேல கை வச்சதே இல்ல."

அன்னக்கொடி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்க ஆத்தாகிட்ட நானும் இப்பிடித்தேன் சத்தியம் பண்ணுனேன்" என்றாள். "ஒங்கப்பா செத்துக் கருமாதி முடியிற வரைக்கும் அவரு அடிச்சாருன்னு ஒரு ஈ காக்காகிட்ட நாஞ்சொன்னதில்ல."

பாண்டீஸ்வரிக்கு இது தெரியாது. அப்பா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவரை நல்லவர் என்றே நினைத்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அம்மாவுக்காக அழ வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் இப்போது அழுதால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டை எடுத்து வைத்தாள்.

எல்லாரும் போன பிறகு புருஷன்மேல் பாய்ந்தாள். "எதுக்குங்க அப்பிடிச் சொன்னீங்க? யாரு கேட்டா ஒங்கள?"

"வேற என்ன செய்யச் சொல்ற? மச்சான் கையில அந்த வீடியோ போச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள மேலூரு பூராப் பாத்துரும். ஒன்னைய வாழ்க்கை முச்சூடும் பேசுவாய்ங்க. நம்ம பிள்ளையப் பொண்ணு கேட்டு வாரப்பவும் பேசுவாய்ங்க. பொண்டாட்டிய அடிச்சவன்னா என்ன? ரெண்டு மாசத்துல மறந்துருவாய்ங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டான். "நீ பாட்டுக்குக் கிளாசுக்குப் போ. ஒண்ணும் ஆகாது."

அவன் சொன்னதில் பாதி சரி. அவளுக்காக ஒருத்தன் அறை வாங்கியிருக்கிறான், அவனிடம் எப்படிச் சண்டை போடுவது? மீதிப் பாதியைத்தான் அவன் யோசிக்காமல் விட்டுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி பஸ் ஏறி வந்து மகளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கையைத் தூக்கச் சொன்னாள், இடுப்பைப் பார்த்தாள், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். அந்த வாரம் அவள் வகுப்புக்குப் போயிருக்கவில்லை, பழைய கன்னிப்பெல்லாம் மஞ்சளாகி வெளுத்துக்கொண்டு வந்தது. "சொன்ன சொல்லக் காப்பாத்துறாரு" என்று அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பாண்டீஸ்வரிக்கு முழுசாக உறைத்தது. இனிக் கம்பி படுகிற ஒவ்வொரு இடமும் செல்வக்குமார் அடித்த இடம்.

படாமல் ஏற முடியுமா என்று அவள் முயன்றுகூடப் பார்த்தாள். கேட்டால் சிரிப்பீர்கள். கெண்டைக்காலில் மட்டும் பிடிக்கிற மாதிரி, தோல் கெட்டிப்பட்ட இடமாகப் பார்த்து ஒரு சனிக்கிழமை ஏறினாள். கவனம் பூராவும் தோலிலேயே இருந்தது. கால் நழுவிப் புறங்காலில் கம்பி தேய்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைக் கண்டாள், ஒன்றும் கேட்காமல் போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தங்கப்பாண்டி போனில் வந்தான். "மாப்ள, ஒருவாட்டி பொறுத்தாச்சு. இன்னொரு காயம் பாத்தேன், நேரா மகளிர் ஸ்டேஷனுக்குத்தான் வருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது." செல்வக்குமார், "இல்ல மச்சான், இனி நடக்காது மச்சான்" என்று நின்றுகொண்டே பேசினான். அவன் அப்படிப் பேசுவதைக் கேட்டபோது, நாள் பூராவும் போனில் தான் பேசுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

தெருவும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பலகாரம் செய்தால் இவளுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாகக் கொடுத்தாள். டீக்கடையில் ஒருத்தர் செல்வக்குமாரிடம், "ஒன்னையப் பூனைன்னுல்ல நெனச்சோம்" என்று தோளைத் தட்டினார். அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அருவருத்தான். இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்றவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவள் வகுப்பை நிறுத்தினாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்து நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பவதாரிணி பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டாள். இடுப்பு வலி திரும்பி வந்தது. விலாவும் தொடையும் கன்னிப்பு ஒன்றும் இல்லாமல் வெளுத்துவிட்டன. குளிக்கும்போது அதைப் பார்த்தால் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் ஏஜென்சியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மனசு பொறுக்காமல் அவளே பவதாரிணிக்குப் போன் போட்டாள். இந்த உலகத்தில் கம்பி என்றால் எந்தக் கம்பி என்று தெரிந்த வேறு யாரும் அவளுக்கு இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டது, வழுக்கு மரமா என்று பெரியப்பா கேட்டது, புருஷன் அறை வாங்கினது. சொல்லும்போது அவளுக்கே இடையிடையே சிரிப்பு வந்தது. பவதாரிணியும் இதோ சிரித்துவிடுவாள், 'அய்யோ அக்கா, என்ன கூத்து இது' என்பாள் என்று காத்திருந்தாள். சிரித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பவதாரிணி சிரிக்கவில்லை.

"அக்கா" என்றாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல? முன்னாடி எங்கிட்ட ஒருத்தங்க படிச்சாங்க. அவங்களுக்கு வீட்டுல தெனமும் அடி. யாராச்சும் கேட்டா, கம்பில பட்டுச்சுன்னு சொல்றதுக்காகவே கிளாசுக்கு வந்துட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியவே இல்ல. ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"சரி..."

"உங்களுக்கு மணிக்கட்டுக்கு மேல, உள்பக்கமா ஒண்ணு இருந்துச்சு. போன மாசமோ அதுக்கு முந்தின மாசமோ. விரல் விரலா. நம்ம கம்பி அங்க படாதேன்னு அப்பவே நெனச்சேன். கேக்காம விட்டது என் தப்பு. அது எப்பிடிக்கா வந்துச்சு?"

பாண்டீஸ்வரி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. பஸ்ஸில் யாராவது பிடித்துத் தொங்கினார்களா? மகளைத் தூக்கினபோதா? மிக்ஸி ஜாரா, இரும்புக் கதவா? நல்லெண்ணத்தோடு கேட்கிற பிள்ளை, நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ யோசித்தாள். நிஜமாகவே நினைவில்லை.

"தெரியலையேம்மா" என்றாள். "எங்கயோ இடிச்சிருப்பேன்."

வாயை விட்டு வந்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. "இல்லம்மா, நான் சொல்ல வந்தது..." என்று பதறினாள்.

"பரவால்லக்கா, நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் பவதாரிணி. அவள் குரல் ரொம்பவும் இதமாக இருந்தது. "எனக்குப் புரியுது. பக்கத்துல அவரு இருக்காரா?"